இரும்புக் கேனும் ஒரு டீஸ்பூன் பெட்ரோலும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் குடோன் மொட்டை மாடியில் ஒரு காலத்தில் தினமும் மதியம் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். ராத்திரி குளிர் இறங்கிய பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் அமுக்கமாக. பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைப்பார் என்று கேலி செய்வோம். வேறொன்றுமில்லை, வெயிலில் கிடந்த எங்கள் பழைய பெட்ரோல் கேன். பகலில் அதன் வயிறு உப்பும், ராத்திரி ஒட்டும்.

எங்களுடையது ஷாமியானா, சீரியல் லைட், ஸ்பீக்கர் வாடகைத் தொழில். கரகம், கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் கரண்ட் போனால் காப்பாற்றுவது கையில் தூக்கிப்போகிற ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். அதற்காக அப்பா சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்புச் சந்தையில், ராணுவக் கழிவு என்று சொல்லி விற்றதை வாங்கிவந்த இருபது லிட்டர் இரும்புக் கேன் அது. பச்சைப் பெயின்ட் உரிந்து, அடியில் ஏதோ ஒரு வருடம் பொறித்திருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது.

போன மாதம் கடைப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "அண்ணா, அடியில ஊசி ஓட்டை ஒண்ணு இருக்கு. கேன் காலிதான். வெல்டிங் கடையில ஒரு புள்ளி வெச்சு அடைச்சிட்டு வந்துடட்டுமா?" என்றான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். குப்பென்று வந்தது. 'காலிதான்' என்று அவன் சொன்னதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை இது என்று புரிந்தது.

பெட்ரோல் எரிவதில்லை. பெட்ரோல் ஆவிதான் எரிகிறது, அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்திருந்தால் மட்டும். காற்றில் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது, போதாது. சுமார் 7.6 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது, காற்று போதாது. அந்த இரண்டு எண்களுக்கு நடுவே மட்டும்தான் ஆபத்து.

இப்போது முக்கால் கேன் பெட்ரோலை மூடி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற இடைவெளியில் ஆவி அடர்ந்து கிடக்கும். அந்த 7.6-ஐப் பல மடங்கு தாண்டியிருக்கும். மூடிய கேனுக்குள்ளே எரிவதற்குக் காற்றே போதாது. அதே கேனை ஜெனரேட்டரில் கவிழ்த்துவிட்டு, அடியில் ஒட்டியது மட்டும் மிச்சமிருக்கும்போது கணக்கு மாறுகிறது. ஒரு டீஸ்பூன் பெட்ரோல், அதாவது ஐந்து மில்லி, முழுக்க ஆவியானால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும். இருபது லிட்டர் கேனில் அது ஐந்து சதவீதத்துக்குப் பக்கம். சரியாக நட்டநடுவில் போய் உட்காருகிறது. கேனைத் தலைகீழாக எவ்வளவு உதறினாலும் மடிப்புகளில் அந்த ஒரு டீஸ்பூன் தங்கத்தான் செய்யும். வெல்டிங் பொறி வெளியிலிருந்து தொடும் ஒரு புள்ளி போதும். உள்ளே இருப்பது வெடிமருந்து நிரப்பிய டப்பா மாதிரிதான். பையனிடம் டீஸ்பூன் கணக்கைச் சொன்னபோது கேனைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தான்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் கை பழகியது சீமெண்ணெயில். ரேஷன் கடை வரிசையில் வெள்ளைக் கேனோடு நின்று, நீல நிறச் சீமெண்ணெயை வாங்கிவந்து, பம்ப் ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே வைத்துப் புனலில் ஊற்றிய அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தோம். அது பெரும்பாலும் தப்பித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு எண்ணெயிலிருந்து பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்ப ஒரு குறைந்தபட்ச வெப்பம் வேண்டும். சீமெண்ணெய்க்கு அது 35 டிகிரிக்கு மேல். பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. அதாவது பெங்களூரின் டிசம்பர் விடியற்காலையிலும், ஏன், ஐஸ் பெட்டிக்குள்ளே வைத்தாலும் பெட்ரோல் தயாராகவே இருக்கும். சீமெண்ணெய் பழகிய கையோடு பெட்ரோலைத் தொடுவதுதான் பாதி விபத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். ஊதுபத்திப் புகை மாதிரி மேலே போகாது. சிந்திய மோர் மாதிரி தரையோடு படர்ந்து, பள்ளம் பார்த்து ஓடும். கண்ணுக்கும் தெரியாது. குடோனில் மூடி சரியில்லாத கேன் இருந்தால், ஆவி வாசல்படி தாண்டி, கீழே தரையில் வைத்திருக்கிற குத்துவிளக்கைத் தேடிப் போகும். பேஸ்மென்ட், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற பொந்து, கேஸ் கீசர் வைத்த யுடிலிட்டி ஆகியவை இதனால்தான் ஆகாது. ஜன்னல் மேலே திறந்திருக்கிறது என்பது சமாதானம் ஆகாது. தரை மட்டத்தில் காற்றோட்டம் வேண்டும். நாங்கள் இப்போது வைத்திருப்பது காம்பவுண்டு ஓரத்தில், வலைக்கதவு போட்ட ஒரு சின்னத் தகரக் கூண்டில், வெயில் படாத வடக்குப் பக்கம். மாடிக் கச்சேரி அத்தோடு நின்றது.

வயிறு உப்புவது ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள். பெட்ரோல் பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒரு சதவீதம் பெருக்கும். இருபது லிட்டர் காலை இருபது டிகிரியிலிருந்து வெயிலில் நாற்பதுக்குப் போனால் நானூறு மில்லிக்குப் பக்கம் கூடுதல் இடம் கேட்கும். அதற்கு மேல் ஆவியின் அழுத்தம். 38 டிகிரியில் பெட்ரோல் ஆவி மட்டுமே வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கு மேல் தள்ளும். ஆகவே கழுத்து வரை நிரப்பக்கூடாது. ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல்கடை இடைவெளி விட வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிருஷ்ணகிரி தாண்டி மேலே ஏறும்போது பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. கீழே மூடிய எந்தக் கேனும் இங்கே திறக்கும்போது உஸ்ஸென்று ஊதும். முகத்தைத் தள்ளிவைத்து, மூடியை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஆவியை மூச்சில் இழுத்தால் தலை சுற்றும் என்பதும் சேர்த்தி. (பஸ்ஸிலோ ரயிலிலோ மெட்ரோவிலோ பெட்ரோலைக் கொண்டுவரக் கூடாது, இது சொந்த வண்டிக்காரர்களுக்குச் சொன்னது.)

சரி, கேனுக்கு வருவோம். எங்களுடையது ஜெர்ரி கேன் என்று எல்லாரும் சொல்கிற வகை. இன்று பிளாஸ்டிக்கில் எதைப் பார்த்தாலும் ஜெர்ரி கேன் என்கிறோம், அசல் இரும்புதான். 1937-இல் ஜெர்மன் ராணுவத்துக்காக ஷ்வெல்ம் என்ற ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் தலைமை இன்ஜினியர் வின்சென்ஸ் குருன்ஃபோகல் வடிவமைத்தது. ஜெர்மானியரை 'ஜெர்ரி' என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கேலியாகக் கூப்பிட்டதால் கேனுக்கு அந்தப் பெயர். பிரிட்டிஷ்காரர்கள் அப்போது வைத்திருந்தது நாலு காலன் பிடிக்கிற சதுரத் தகர டின். இன்றும் எண்ணெய்க் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் 15 கிலோ டின்னுக்கு அண்ணன் மாதிரி. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி குலுங்கிய குலுக்கலில் அது ஒழுகியே ஏகப்பட்ட பெட்ரோல் வீணானது. சிப்பாய்கள் அதை வெட்டி, மணல் போட்டு, பெட்ரோல் ஊற்றி, டீ போடும் அடுப்பாக்கிவிட்டார்கள். எதிரியின் கேன் எது கைக்கு வந்தாலும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். இதில் நமக்கும் ஒரு சின்னச் சம்பந்தம். 1939-இல் பால் பிளைஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர், ஒரு ஜெர்மன் சகாவோடு சேர்ந்து பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரிலேயே கிளம்பினார். வழியில் தண்ணீர் கொண்டுபோக இந்தக் கேன்கள் மூன்று வண்டியில் இருந்தன. சகா நடுவழியில் திரும்ப, இவர் கல்கத்தாவில் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார். அமெரிக்க ராணுவம் பார்ப்பதற்கு முன்பே கேன் கல்கத்தாவைப் பார்த்துவிட்டது.

அந்தக் கேனைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏன் என்று புரியும். மேலே மூன்று கைப்பிடி. நிரம்பியிருந்தால் ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், ஓரப்பிடி இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவர் தூக்கலாம். காலியானால் இரண்டு கேன்களின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் தூக்கலாம். இருபது லிட்டர் பெட்ரோல் பதினைந்து கிலோவுக்குப் பக்கம், இரும்பு நாலரைக் கிலோ. தூக்கும்போது முதுகு சொல்லும். இரு பக்கமும் பெருக்கல் குறி மாதிரி அழுத்தியிருப்பது அழகுக்கல்ல. தகடு உப்புவதற்கும் ஒட்டுவதற்கும் இடம் கொடுக்கும், நெளியாமல் விறைப்பாகவும் வைக்கும். மூடியில் திருகு இல்லை, நெம்புகோல் மாதிரி அழுத்தினால் வாஷரைக் கவ்விக்கொள்ளும். தொலைக்க முடியாது, அது ஒரு பெரிய வசதி.

எனக்கு மிகவும் பிடித்தது கழுத்துக்குள் இருக்கிற விரல் தடிமன் குழாய். அதைப் புரிந்துகொள்ள எண்ணெய்க் கடைக்குப் போக வேண்டும். டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் என்ன ஆகும்? கொளக், கொளக் என்று திக்கித் திக்கி வரும், பாதி வெளியே சிந்தும். கடைக்காரர் எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போடுவார், நூல் பிடித்த மாதிரி ஒழுகும். எண்ணெய் வெளியே வருகிற இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். ஒரே வாயில் இரண்டும் முட்டிக்கொண்டால் அந்தக் கொளக் சத்தம். ஜெர்ரி கேனின் உள்குழாய்தான் அந்த இரண்டாவது ஓட்டை. கவிழ்க்கும்போது காற்று அதன் வழியே நேராக உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்குப் போய்விடும். பழைய கேன்களில் இந்தக் குழாய் துருவில் அடைத்திருக்கும். கேன் ரொம்பத் திக்கினால் முதலில் அதைப் பாருங்கள்.

குழாய் இல்லாத சாதாரண இரும்பு டின்னாக இருந்தால், வாய் ஒரு ஓரத்தில் இருக்கும் அல்லவா? நம் கை தானாக வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்துச் சாய்க்கும். அது தவறு. வாய் மேல்பக்கமாக வரும்படி பிடித்துச் சாய்க்க வேண்டும். அப்போது பெட்ரோல் வாயின் கீழ் பாதியில் வழியும், மேல் பாதியில் காற்று நுழையும். முதல் தடவை தண்ணீரை வைத்துப் பழகிப் பாருங்கள், வித்தியாசம் ஒரு நொடியில் தெரியும். தண்ணீர் காய்ந்த பிறகுதான் பெட்ரோல்.

இதையே தலைகீழாக யோசித்தால் நிரப்புவதன் ஆபத்து விளங்கும். பெட்ரோல் உள்ளே போகிற ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் ஆவி கலந்த காற்று வாய் வழியே வெளியே வந்தாக வேண்டும். இருபது லிட்டர் நிரப்பினால் இருபது லிட்டர் ஆவிக்காற்று உங்கள் முழங்காலைச் சுற்றிப் படரும். வெளியே வந்து காற்றோடு கலக்கும்போது எங்கோ ஓரிடத்தில் அது அந்த 1.4-க்கும் 7.6-க்கும் நடுவே வந்தே தீரும். பற்றவைக்க எவ்வளவு நெருப்பு வேண்டும் என்றால், ஒரு மில்லிஜூலில் கால் பங்கு. நைலான் சேலையைக் கழற்றும்போது கையில் சுருக்கென்று தெரிகிற பொறியே இதைவிட அதிகம். சென்னையில் காற்றில் ஈரம் இருப்பதால் இந்தச் சுருக் குறைவு. பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை காற்று வறண்டு கிடக்கும், காலையில் ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொரியும். அந்த மாதங்களில் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம்.

குழாயில் ஓடுகிற பெட்ரோலே மின்னூட்டம் சேர்க்கும். முன்பெல்லாம் டேங்கர் லாரிகள் பின்னால் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகுமே, அது இதற்காகத்தான். இரும்புக் கேனின் பெரிய நன்மை இங்கேதான். கேனைத் தரையில் வைத்து, பங்க் நாசிலின் இரும்பு மூக்கு கேனின் கழுத்தைத் தொட்டபடியே நிரப்பினால், சேர்கிற மின்னூட்டம் பொறியாகத் தாவாமல் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதே கேனை ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் ரப்பர் மேட்டுக்கு மேலே வைத்தபடி நிரப்பினால் அந்த நன்மை போச்சு. ரப்பர் மின்சாரத்தைத் தரைக்கு விடாது. நம் ஊரில் கேன் பயணம் செய்வதே அந்த இடத்தில்தான் என்பதால் சொல்கிறேன்: இறக்கித் தரையில் வையுங்கள். வீட்டில் ஊற்றும்போதும் அதே மாதிரி, இரும்புப் புனல், அது இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஜெனரேட்டரை அணைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியபிறகுதான் ஊற்ற வேண்டும். கரகத்தில் சாமி ஊர்வலம் நடுவே லைட் போய், ஐயர் முறைக்க, ஓடுகிற ஜெனரேட்டரில் ஊற்றலாமா என்று கை பரபரக்கும். நான் அந்தக் கால்மணி நேரம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு முப்பது லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். நன்றாக மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி, சுட்ட களிமண் ஜாடி என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் இருபத்தைந்து லிட்டர் வரை. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கிடையாது, அன்றைக்குப் பிளாஸ்டிக் கேன் புழக்கத்திலேயே இல்லை. பங்கில் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் தலையாட்டி மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

இப்போது பழைய கேனின் புதிய பகைவன். 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொடங்கிவைத்தார்கள். இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அரைக் கேனாக வைத்தால், பகலில் மூச்சு விட்டு ராத்திரி மூச்சு இழுக்கும்போது மழைக்கால ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். எத்தனால் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே வந்து, ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அடிமடிப்பில் துரு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் ஊசி ஓட்டையும் அங்கேதான். பழைய ரப்பர் வாஷரையும் எத்தனால் ஊதிப்போக வைக்கும் அல்லது விறைக்க வைக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீள வேண்டும், வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோலுக்குத் தாங்குகிற வாஷர் என்று கேட்டு வாங்க வேண்டும், தண்ணீர்க் குழாய் வாஷர் ஆகாது. பெட்ரோலும் ஊறுகாய் அல்ல, வைக்க வைக்க ருசி கூடாது. சில மாதங்களில் வார்னிஷ் வாடை அடிக்க ஆரம்பிக்கும். நாங்கள் நிரப்பிய தேதியைச் சாக்கட்டியில் கேன் மேலேயே எழுதிவிடுகிறோம், மூன்று மாதம் தாண்டுவதற்குள் ஜெனரேட்டரில் ஓட்டித் தீர்த்துவிடுவோம்.

துருப்பிடித்த, ஆனால் ஓட்டையில்லாத கேனைக் கழுவலாம். முதலில் கடைசிச் சொட்டு வரை வடித்து, வாய் வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். தண்ணீர் ஆவியை வெளியே தள்ளிவிடும் என்பதால் இதையும் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பிறகு சோப்புத் தூள் போட்டு இரண்டு மூன்று தடவை. உள்ளே நட்டு போல்ட் போட்டுக் குலுக்குகிற வைத்தியம் வேலை செய்யும், ஆனால் தண்ணீரோடு மட்டும். வெறும் கேனில் இரும்போடு இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று டீஸ்பூன் கணக்கு சொல்லிவிட்டது. மிச்சத் துருவுக்கு எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீர் ஒரு ராத்திரி. ரொம்பப் பழைய கேன் என்றால் உள்பொருக்கை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது, அதற்கு முந்தைய கேன்களின் தூசியில் ஈயம் இருக்கலாம். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. ஆவி சாக்கடைக்குள்ளேயே நடந்துபோய், நாலு வீடு தள்ளி பீடி பிடிக்கிறவரிடம் வெளிப்படும்.

அப்புறம், ஓஸை வாயில் வைத்து உறிஞ்சுவது. பைக் வைத்திருக்கிற எல்லாரும் ஒரு முறை செய்திருப்பார்கள், நானும்தான். வயிற்றுக்குப் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குப் போகிற ஒரு வாய் மோசம். அழுத்தினால் உறிஞ்சுகிற கைப்பம்ப் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயையும் கூடவே இழுத்துக்கொண்டு ஓடும். பங்கில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்குவது அதற்குத்தான்.

எங்கள் ஊசி ஓட்டைக் கேனை அடைக்கவில்லை. மூடியைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டு, கழுவி, வாடை அடங்கும்வரை வெயிலில் கவிழ்த்துவைத்தோம். பையன்தான் சிவாஜிநகருக்குக் கொண்டுபோனான். வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று இவனாகவே கழுத்து வரை மறுபடியும் தண்ணீர் நிரப்பி, ஓட்டையில் சோப்பு அடைத்து, இருபது கிலோவுக்கு மேல் கனக்கக் கனக்கத் தூக்கிப்போயிருக்கிறான். குஜிரிக்காரர் தராசில் வைப்பதற்கு முன்னால் அவனை ஏற இறங்கப் பார்த்தாராம். "தண்ணியைக் கொட்டுப்பா, நான் வாங்கறது இரும்பு" என்றாராம்.